கோடு போட முடியாத ரப்பர்

என் மனைவியின் அண்ணன்தான் அப்போது என் லாரிக்கு டிரைவர். அவர் என் லாரியின் பிரேக்கில் கை வைத்துவிட்டார் என்று நான் ஒரு ஐப்பசி மாதத்தில் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. மலையைப் பார்த்துக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணினால் என் வீட்டு வாசல் மிதிக்கலாம், பண்ணாவிட்டால் என் மனைவிக்கு அண்ணன் என்று ஒருவர் இல்லை என்று நடு வாசலில் நின்று சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்ன வாயால்தான் இத்தனை வருஷமாகப் பதிகம் பாடிக்கொண்டிருக்கிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அது எழுபதுகளின் கடைசி. எங்கள் வீடு அடி அண்ணாமலையில். வீட்டை ஒட்டிய காலி மனையில் லாரி நிற்கும். நான் வாங்கும்போதே அது மூன்று கை மாறிய பழைய வண்டி. மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டை, நெல் மூட்டை, சில சமயம் செங்கல் என்று எது கிடைக்கிறதோ அதை ஏற்றுவோம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், ஆனால் லோடு ஏற்றி ஓட்டத் தைரியம் கிடையாது. மச்சான் நல்ல டிரைவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். இரண்டு பேருக்கும் அதுவரை ஒரு மனக்கசப்பு கிடையாது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பால்காரர் அளக்கும்போது படியின் அடியைப் பார்ப்பேன். கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்த தேங்காயில் என் மூடி எது என்று குடுமியைப் பார்த்து வைத்துக்கொள்வேன். சாமியை மட்டும்தான் சந்தேகப்பட்டதில்லை.

செங்கம் ரோட்டில் ஒரு பட்டறை இருந்தது. பிரேக் வேலையெல்லாம் முதலில் அங்கேதான் நடந்தது. ஒரு தடவை பின் சக்கரத்து டிரம்மைக் கழற்றி உள்பக்கம் கடைசல் போட வேண்டும் என்று மெக்கானிக் எடுத்துப் போனார். திரும்பி வந்த டிரம் என்னுடையது இல்லை. என்னுடையதில் விளிம்பில் கொசு மாதிரி ஒரு சின்னக் காயம் இருந்தது, இதில் இல்லை. கேட்டேன்.

"கடைசல் போட்டா காயம் போயிடாதா அண்ணே?" என்றார்.

"விளிம்புலயுமா கடைசல் போடுவாங்க?"

"நீங்க டிரம் குடுக்கும்போதே ஃபோட்டோ புடிச்சி வச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பட்டறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அன்றைக்கே முடிவு செய்தேன், இனிமேல் பிரேக் வேலை நானே பார்ப்பது என்று. நான் எட்டாவது வரை படித்தவன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் சிவமயம் என்று எழுதி, மெக்கானிக் வேறு வண்டிகளுக்கு வேலை பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு கள்ளிப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்து பார்த்து எழுதினேன். முதலில் ஜாக்கி, அப்புறம் வீல் நட்டு, அப்புறம் டிரம், உள்ளே பிறை மாதிரி இரண்டு ஷூ, அவற்றைத் தள்ளுகிற சிலிண்டர். காலால் மிதித்தால் பிரேக் ஆயில் குழாய் வழியாக வந்து இந்தச் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பைத் தள்ளும், கப் ஷூவைத் தள்ளும், ஷூ டிரம்மைப் பிடிக்கும். அவ்வளவுதான். ரப்பர் கப் என்பது பாட்டில் மூடி அளவுக்கு இருக்கும். ஒரு சக்கரத்துக்கு இரண்டு.

"இன்னா அண்ணே, பரீட்சையா?" என்பார் மெக்கானிக். மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள் சிலிண்டரைப் பிரித்துக் கையில் கப்பை எடுத்த நேரம் பார்த்து, "அண்ணே, எதிர்ல போயி மூணு டீ சொல்லிட்டு வாங்களேன்" என்றார். நான் போய் வருவதற்குள் சிலிண்டர் மூடியாயிற்று. எனக்கு அப்போதே உறுத்தியது. இந்த ஆள் எதையோ மறைக்கிறான். நோட்டில் அந்த இடத்தில் இரண்டு வரி காலியாக விட்டேன்.

பிறகு என் வண்டியில் இருந்த ஒவ்வொரு இரும்புக்கும் அடையாளம் போட்டேன். டிரம், ஷூ, சிலிண்டர், ஹப்பு, எல்லாவற்றிலும் உளியால் மூன்று கோடு, விபூதிப் பட்டை மாதிரி பக்கம் பக்கமாக. இனி எவனும் மாற்ற முடியாது. மச்சான் அதைப் பார்த்துவிட்டு, "மாப்ள, டயருக்கும் நாமம் சாத்திடுங்க" என்றார். "நாமம் இல்ல மச்சான், பட்டை" என்றேன். அந்த வருஷம் ஷூவின் மேல் தேய்கிற லைனிங் மட்டும் நானே மாற்றினேன். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்திருக்கும்.

ஐப்பசியில் சக்கரங்களில் ஆயில் கசிய ஆரம்பித்தது. கப் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். மச்சான் கேட்டதும் முகம் சுளித்தார்.

"லைனிங் வேற மாப்ள, கப் வேற. சிலிண்டர்ல கை வைக்காதீங்க. பட்டறைக்கே வுட்டுடலாம். ஓட்டப் போறது நான்."

"ஏன், பட்டறைக்காரன் உங்களுக்கு டீ வாங்கிக் குடுக்கறானா?"

"ஆமா, குடுக்கறான். நீங்களும் வந்தா உங்களுக்கும் குடுப்பான்."

அவர் தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் அவர் அந்தப் பட்டறையில் நின்று டீ குடித்ததை நானே இரண்டு தடவை பார்த்திருந்தேன். மனதில் ஒரு மூலையில் வைத்துக்கொண்டேன்.

டவுனில் தேரடித் தெருப் பக்கம் இருந்த ஸ்பேர் கடைக்குப் போய்ப் பத்துக் கப் வாங்கினேன். எட்டு மாட்ட, இரண்டு கைவசம். கடையிலேயே ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன்.

"பல்லால கடிச்சும் பாத்துடுங்க ஐயா" என்றார் கடைக்காரர்.

"டூப்ளிகேட் வருதாமே?"

"வருது. ஆனா கடிச்சா தெரியாது."

ரப்பரில் உளி வைக்க முடியாது. கோடு போட முடியாத சாமான் அது ஒன்றுதான். அதனால் அட்டைப்பெட்டியில் பத்து என்று எண்ணிப் பூஜை மாடத்தில் அண்ணாமலையார் படத்துக்குக் கீழே வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். நாலு சக்கரத்தையும் கழற்றி, சிலிண்டர்களைப் பிரித்து, உள்ளே இருந்த கறுப்பு அழுக்கை எல்லாம் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். மெக்கானிக் எந்தச் சாமானைக் கழற்றினாலும் மண்ணெண்ணெய் டின்னில் போட்டு பிரஷ்ஷால் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். குழாய்களுக்குள்ளும் மண்ணெண்ணெய் ஊற்றி ஊதிச் சுத்தம் செய்தேன். கடைசியில் புதுக் கப்புகள். கடையில் எத்தனை கை பட்டதோ, எந்தத் தூசியோ. சாமி முன்னால் வைத்து எடுத்து மாட்டப் போகிற பொருள், குளிப்பாட்டாமல் எப்படி வைப்பது? பெட்டியில் ஒரு கப்பை மட்டும் மாதிரிக்கு விட்டுவிட்டு மற்றதை எல்லாம் மண்ணெண்ணெயில் இரண்டு அலசு அலசி, துணியில் துடைத்து, பித்தளைத் தட்டில் அடுக்கி, விபூதி தூவி, கற்பூரம் காட்டி, ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினேன்.

மத்தியானம் மச்சான் வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா கம்பெனி மாப்ள இது?"

"ஏன், உங்க ஆளு வேற கம்பெனிதான் போடுவானா?"

அவர் பெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குள் தண்ணீர் குடிக்கப் போனார். அப்படியே போய்விட்டார்.

பிரேக் வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். குழாயில் இருக்கும் காற்றை வெளியே எடுக்க ஒருத்தர் மேலே பெடலை மிதிக்க வேண்டும், ஒருத்தர் கீழே படுத்துச் சக்கரத்தின் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மச்சானைத் திரும்பக் கூப்பிட எனக்கு மனமில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கேபினில் ஏறினாள். ஏறியவள் பெடலைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சாமி படம் எதிர்ல இருக்குதே, காலைத் தூக்கி மிதிக்கலாமா?"

"உங்க அண்ணன் தினம் மிதிக்கிறாரு இல்ல? மிதி."

"மிதிச்சிட்டேன்."

"புடி. விடாத. ஆங்... இப்ப விடு."

"எத்தினி வாட்டி?"

"நான் சொல்ற வரைக்கும்."

"இதுக்கு மாவு அரைக்கிறதே தேவலாம்" என்றாள். ஆனால் நன்றாக மிதித்தாள். நாலு சக்கரத்திலும் காற்று வந்து, நுரை வந்து, கடைசியில் ஆயில் மட்டும் வந்தது. பெடல் கல் மாதிரி நின்றது. பெருமையாக இருந்தது.

சாமான்களை எடுத்து வைக்கும்போதுதான் பெட்டியைப் பார்த்தேன். எட்டு மாட்டியாயிற்று. மீதி இரண்டு இருக்க வேண்டும். மாதிரிக்கு வைத்த ஒன்றுதான் இருந்தது. மணலைச் சலித்துப் பார்த்தேன், துணியை உதறிப் பார்த்தேன். இல்லை. பெட்டியைக் கையில் எடுத்தவர் ஒரே ஒருத்தர்தான். மனைவியிடம் சொல்லவில்லை. ஒரு கப்பை மனிதன் எதற்கு எடுத்துக்கொண்டு போவான்? அளவு காட்டுவதற்கு. யாருக்கு? அந்தப் பட்டறைக்காரனுக்கு. எதற்கு? அதுதான் தெரியவில்லை. தெரியாததால் இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைதான் வண்டி எடுக்க நாள் பார்த்திருந்தோம். அதுவரை மூன்று நாள் வண்டி மனையில் நின்றது. கேபின் சாவி என்னிடம் ஒன்று, மச்சானிடம் ஒன்று. அந்த மூன்று நாளும் மனையைப் பார்த்த ஜன்னலை நான் சாத்தவேயில்லை.

வெள்ளிக்கிழமை காலை தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் கீழே ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தேன். மச்சான் கியர் போட்டு வண்டியை நகர்த்தினார். மூன்று பழம் பட்டென்று நசுங்கிச் சாறு தெறித்தது. முன் வலது சக்கரத்துப் பழம் நசுங்கவில்லை. சக்கரம் அதன் மேல் உருளாமல், அதை மண்ணோடு ஒரு முழம் இழுத்துக்கொண்டு போய், அப்புறம்தான் ஏறியது. தரையில் பச்சையாக ஒரு கோடு.  யாரோ எதையோ செய்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. சக்கரம் ஏன் உருளவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

"மச்சான், வண்டி இழுக்குதா?"

"கொஞ்சம் புடிச்ச மாதிரி கீது. புதுசு இல்ல, ஓட ஓடச் சரியாயிடும்" என்றார்.

மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு செங்கம் ரோட்டில் போனோம். மூன்று மைல் போவதற்குள் ரப்பர் கருகுகிற நாற்றம். எட்டிப் பார்த்தால் முன் வலது ஹப்பிலிருந்து புகை. மச்சான் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார், ஆனால் பிரேக் சக்கரத்தை விடவில்லை. எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தது. மிதித்தார். பெடல் பாதி போய் நின்றது. வண்டி ஒரு பக்கமாகத் திரும்பி, புளியமரத்துக்கு ஒரு கை தூரத்தில் போய், ஹாண்ட் பிரேக்கில் நின்றது. மாட்டு வண்டிக்காரர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஹப்பு ஆறிய பிறகு மச்சான் வண்டியை முதல் கியரிலேயே மெதுவாக நகர்த்திக்கொண்டு போய் ஓர் இடத்தில் நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் அந்தப் பட்டறை வாசல்.

"இங்க எதுக்கு நிறுத்தினீங்க?"

"பின்ன எங்க நிறுத்தறது? பக்கத்துல இருக்கறது இதுதானே."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வந்தவர் புகையைப் பார்த்து, என்னைப் பார்த்து, "வாங்க அண்ணே, ரொம்ப நாளாச்சு" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. கப் காணாமல் போனது, எலுமிச்சம்பழம், புகை, சரியாக இந்த வாசலில் வண்டி வந்து நின்றது. ஒரு ஆணியைக்கூடத் தொட விடவில்லை. மூட்டைகளை வேறு வண்டியில் மாற்றி அனுப்பிவிட்டு, பிடித்த பிரேக் விடுவதற்காக நிப்பிளைத் தளர்த்தி ஆயிலை வடித்து, ஹாண்ட் பிரேக்கை நம்பி வண்டியை ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். 

மறுநாள் காலை தனியாகப் பிரித்தேன். டிரம்மில் மூன்று கோடு இருந்தது. ஷூவில் இருந்தது. சிலிண்டரில் இருந்தது. இரும்பெல்லாம் என்னுடையதுதான். சிலிண்டருக்குள்ளிருந்து கப்பை வெளியே எடுக்கவே முடியவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். எடுத்ததைப் பெட்டியில் இருந்த புதுக் கப்பின் பக்கத்தில் வைத்தேன்.

அது வேறு அளவு.

கண்ணால் பார்த்தாலே தெரிந்தது. வெளியே வந்தது கொழுத்து, உதடு மடிந்து, தொட்டால் பிசுபிசு என்று இருந்தது. நான் மாட்டியது சுண்டினால் டிக்கென்று நிற்கும். மற்ற மூன்று சக்கரத்தையும் பிரித்தேன், வெளியே வந்த எட்டும் அப்படியே கொழுத்திருந்தன. எட்டும் என்னுடையது இல்லை. நான் மாட்டின பிறகு யாரோ பிரித்து, பெரிய வண்டியின் பழைய கப்புகளை அமுக்கித் திணித்து மூடியிருக்கிறார்கள். அளவு எடுத்துப் போனது யார் என்று தெரியும். சாவி வைத்திருந்தது யார் என்றும் தெரியும்.

மத்தியானம் மச்சான் வந்ததும் இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன்.

"இது நான் மாட்டினது. இது வெளிய வந்தது. நடுவுல இன்னா நடந்துச்சி?"

அவர் எடுத்துப் பார்த்தார். அவருக்கும் புரியவில்லை. புரியாத முகத்தை நான் நடிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

"எனக்கு இன்னா தெரியும் மாப்ள?"

"சாவி உங்ககிட்ட தானே இருந்துது?"

"கேபின் சாவி வச்சிக்கினு சக்கரத்தைத் திறக்க முடியுமா?"

"பெட்டியில இருந்து ஒண்ணு எடுத்துக்கினு போனீங்களே, அது எங்க?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "யோவ் மாப்ள, ஸ்டீரிங் புடிச்சிக்கினு முன்னாடி உக்காந்தவன் நான். பிரேக்கைக் கெடுத்துட்டு நானே அதுல ஏறிப் போவனா? எனக்கு இன்னா கிறுக்கா?"

"உங்களுக்குத் தெரியும், எந்த இடத்துல நிக்கும்னு. கரெக்டா அவன் வாசல்ல நிறுத்தினீங்க இல்ல?"

மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "இன்னாங்க பேசறீங்க, அண்ணனைப் போயி..."

அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். திங்கட்கிழமை காலை, மலையைப் பார்த்து, கற்பூரம். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒருவன் இல்லை என்று சொல்லிவிட்டால் ஊரே நம்பியாக வேண்டும். பொய்ச் சத்தியம் என்றால் அந்தக் குடும்பமே விளங்காது. அதனால் யாரும் லேசில் கேட்கவும் மாட்டார்கள். அதுவும் சொந்தத்தில் கேட்டுவிட்டால் கேட்டதுதான், அதைத் திரும்ப எடுக்க முடியாது.

மச்சான் இரண்டு கப்பையும் கீழே வைத்தார். "வரேன்" என்றார். தங்கையைப் பார்க்காமல் போனார். அவள் அன்றைக்குச் சமைத்தாள், பரிமாறினாள், என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுத்த கப் வாங்கி மாட்டுவதற்கு முன்னால் சிலிண்டர்களைக் கழுவி வைக்கலாம் என்று மண்ணெண்ணெய் டின்னைச் சாய்த்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து அதே மண்ணெண்ணெய். அடியில் கறுப்பு வண்டல். வண்டலோடு ஏதோ வழுக்கி என் கையில் விழுந்தது.

ரப்பர் கப். கொழுத்து, உதடு மடிந்து, பிசுபிசு என்று.

காணாமல் போன கப் அதுதான். நான் அலசும்போது ஒன்று அடியில் தங்கிவிட்டிருக்கிறது. யாரும் எடுத்துப் போகவில்லை. எல்லாம் சரி. ஆனால் அது ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?

உடனே எனக்குப் புத்தி வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அவரே ஒரு பெரிய கப்பைக் கொண்டுவந்து டின்னில் போட்டுவிட்டுப் போயிருப்பாரோ என்றுதான் தோன்றியது. சந்தேகம் என்பது அப்படி. எதை எதிரே வைத்தாலும் அதையும் தின்றுவிட்டு இன்னும் கேட்கும்.

பெட்டியில் மீதி இருந்த ஒரே புதுக் கப்பை எடுத்தேன். ஒரு கண்ணாடி டம்ளரில் புது மண்ணெண்ணெய் ஊற்றி அதைப் போட்டேன். மேலே ஒரு தட்டால் மூடி, பூஜை அறையிலேயே ஒரு மூலையில் வைத்து, கதவைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். திங்கட்கிழமை விடியற்காலை குளித்துவிட்டுக் கதவைத் திறந்தேன். விளக்கேற்றி, டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கப் பருத்து, டம்ளரின் அடியில் மல்லாந்து கிடந்தது. அண்ணாமலையார் படத்துக்கு நேர் கீழே. இதையும் டின்னில் கிடந்ததையும் துடைத்து, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன்.

மச்சான் வருவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவர் வீடு கூப்பிடு தூரம்தான். போய்ச் சொல்லியிருக்கலாம். மனைவி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள், அவளிடமாவது சொல்லியிருக்கலாம். நான் மனையில் போய் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் வராமல் இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன். வந்தாலும், கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

வந்தார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி. சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"கற்பூரம் நானே வாங்கியாந்துட்டேன். உங்க வீட்டுக் கற்பூரம் வேணாம். அப்புறம் அதுலயும் இன்னாத்தையோ மாத்திட்டேன்னு சொல்லுவீங்க."

மனையில் கவிழ்த்து வைத்திருந்த டிரம்மின் மேல் கட்டியை வைத்தார். என் மூன்று கோடுக்கு நேர் மேலே. எதிரே மலை, மேகம் இல்லாமல் முழுசாகத் தெரிந்தது. அவரே தீக்குச்சி கிழித்தார். என் கை மடிப்பில்தான் இருந்தது. கப் இரண்டும் விரலில் பட்டன.  என்னைப் பற்றி எதைச் சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். கற்பூரம் அதற்கெல்லாம் காத்திருக்காது.

"அண்ணாமலையாரே, இந்த வண்டியில நான் கை வைக்கல. வச்சிருந்தா என் கை வெளங்காமப் போவட்டும்" என்று சொல்லி, ஓங்கி அடித்தார்.

தீ அணைந்தது. என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்போதுதான் நான் மடிப்பிலிருந்து இரண்டையும் எடுத்து டிரம்மின் மேல் வைத்தேன்.

"மண்ணெண்ணெயில ஊதிப் போவுது மச்சான். யாரும் மாத்தல. நான் கழுவினதுதான்."

அவர் குனிந்து பார்த்தார். ஒன்றை எடுத்து அமுக்கினார். முகத்தில் முதலில் ஒரு நிம்மதிதான் வந்தது. அப்புறம் என் வேட்டி மடிப்பைப் பார்த்தார்.

"எப்ப பாத்தீங்க?"

"காலைல."

"எந்தக் காலைல?"

"இன்னிக்கு."

"நான் வர்றதுக்கு முன்னாடியா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. மலை எதிரே இருந்தது. கற்பூர வாசனை இன்னும் போகவில்லை.

"ஆமா" என்றேன்.

என் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மச்சான் உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார். கற்பூரம் அணைப்பதில் கைக்கு ஒன்றும் ஆகாது, கரி மட்டும் ஒட்டும்.

"தீபாராதனை பாக்கற மாதிரி பாத்துக்கினு நின்னீங்களே மாப்ள" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலாம்.

நான் அவர் காலில் விழப் போனேன். "வேணாம் வேணாம், வயசு நெருக்கம்" என்று தள்ளி நின்றார். பிறகு இரண்டு கப்பையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வாங்க, போயிக் கேப்போம்" என்று பட்டறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

மெக்கானிக் கப்பைப் பார்த்ததும், "யாரு இதை மண்ணெண்ணெயில போட்டது? ரப்பரை பிரேக் ஆயில்ல மட்டுந்தாண்ணே கழுவணும். குழாயையும் ஸ்பிரிட்டு இல்லாட்டி ஆயில் விட்டுத்தான் கழுவணும். இதுகூட எழுதிக்கலையா நோட்ல?" என்றார்.

"அந்த நேரம் பாத்துத்தானே என்னை டீ சொல்ல அனுப்பினீங்க?"

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "டீ குடிக்கணும்போல இருந்திருக்கும்" என்றார். மச்சான் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். நான் வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, காலியாக விட்டிருந்த இரண்டு வரியில் அதை எழுதிக்கொண்டேன். டிரம் விஷயத்தில் அவரை இன்றைக்கும் நான் முழுசாக நம்பவில்லை, அது வேறு.

நாலு சக்கரத்துக்கும், பெடலுக்குக் கீழே இருக்கும் பெரிய சிலிண்டருக்கும் எல்லா ரப்பரையும் மாற்றினேன். ஆயில் விட்டுக் கழுவினேன். மச்சான் வேலைக்கு வருவாரா என்று தெரியாது, கேட்கவும் வாய் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நிற்கும்போது வந்தார். தங்கை கொடுத்த காபியைக் குடித்தார். நாலு சக்கரத்தையும் ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பார்த்தார். அப்புறம் கேபினில் ஏறி, பக்கத்து சீட்டைத் தட்டினார்.

"ஏறுங்க."

"இன்னிக்கு லோடு இல்லையே மச்சான், சும்மா ஓட்டிப் பாக்கத்தானே?"

"அதுக்குத்தான். நீங்க மாட்டின பிரேக்கு. நீங்க பக்கத்துல உக்காந்தாத்தான் நான் எடுப்பேன்."

நாலு பழமும் நசுங்கின. அதற்குப் பிறகு எண்பதுகளின் நடுவில் அந்த வண்டியைக் கொடுக்கும் வரை அவர்தான் ஓட்டினார். பண்டிகைக்கு வந்தார், என் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீர் செய்தார், பேச்சில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் நான் பிரேக்கைப் பிரித்து மாட்டிய ஒவ்வொரு தடவையும், காய்ச்சலாக இருந்தாலும் சரி, வீட்டில் விசேஷமாக இருந்தாலும் சரி, முதல் ஓட்டத்துக்கு நான் ஏறி உட்கார வேண்டும். மனையைத் தாண்டி ரோட்டில் ஏறியதும் கொஞ்சம் வேகம் எடுப்பார். முதல் தடவை மிதிப்பதற்கு முன்னால் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்ப்பார். என் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மிதிப்பார்.